ஓடையாத்தாவின் பாதம்

நான் வாக்கப்பட்டு வந்த சிலமலையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் டூர் பஸ் கிளம்பும். கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று பழைய பட்டணங்களாகப் பார்த்துக் கூட்டிப்போவார்கள். பஸ் நின்றதும் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார்கள். நானும் கும்பிடுவேன். அதற்கப்புறம் என் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். தெப்பக்குளத்தின் அடிப்படியில் செதுக்கிய மீன், மதிலின் அடிக்கல்லில் யாரோ வெட்டிவைத்த அளவுகோல், மண்டபத் தூணுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கல் தவளை, இவைதான் எனக்கு அகப்படும். "கோபுரம் பார்க்க வந்தவ தரையத் தடவிக்கிட்டுத் திரியிறா" என்று என் வீட்டுக்காரர் பஸ்ஸில் உள்ளவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன தடவை ஒரு குளத்தில், தண்ணீர் தொடும் படியில், இரண்டு பாதங்கள் மட்டும் செதுக்கியிருந்தன. அலை வந்து விரல் நுனியைத் தொட்டுத் தொட்டுப் போனது. கூட வந்தவர்கள் பெருமாள் பாதம் என்று பூ வைத்துவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்வெட்டு வாசிக்கத் தெரியாது, எந்த ராஜா கட்டியது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் ஒரு மனுஷன் பாடுபட்டு ஒரு கல்லை ஓர் இடத்தில் வைத்திருக்கிறான் என்றால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. எனக்கு ஒன்பது வயசில் நடந்த ஒரு காரியம்தான் இந்தப் பழக்கத்தை என்னிடம் விட்டுப்போனது.

போடிநாயக்கனூரில், குரங்கணிக்குப் போகிற பக்கம் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் தெரு. தெருவுக்கும் மலைக்குப் போகும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதைத் தாண்ட ஒரு தரைப்பாலம். கோடையில் அந்தப் பாலத்தின்மேல் துணி காயப்போடுவோம். மழைக்காலத்தில் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே ஓடும். ஓரத்தில் நின்ற தடுப்புக்கற்களை லாரிகள் முட்டி முட்டிச் சாய்த்துவிட்டன. ஒன்றிரண்டுதான் மிச்சம். மறுபடி நட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் ஓடையாத்தா இருந்தாளே.

எங்கள் பக்கத்துக் கரையில், புளியமரத்துக்குக் கீழே, ஓடைக்குள் இறங்கினாற்போல நின்ற ஒரு பலகைக்கல்தான் ஓடையாத்தா. என் நெஞ்சு உயரம் இருப்பாள். யார் வைத்தது, எந்தக் காலத்தில் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஜீப்பு வருவதற்கு முன்னால் மலையிலிருந்து ஏலக்காயைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓடையைத் தாண்டுவார்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

அவளைப் பற்றி எனக்கு ஒரு தீராத சந்தேகம் இருந்தது. அவளுக்கு முகம் சரியாகக் கிடையாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல், வாய்க்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பாதங்கள் மட்டும் அப்படி இருக்கும். முகத்தைவிடப் பெரிய பாதங்கள். பத்து விரலுக்கும் நகம், இரண்டாம் விரலில் மெட்டி, கணுக்காலில் தண்டை, தண்டைக்குள் பரல்கூடத் தெரியும். அக்கரையில் நின்று பார்த்தாலும் பாதம் மட்டும் தனியாகத் தெரியும்.

"கீழயிருந்து செதுக்க ஆரம்பிச்சிருப்பான். மூஞ்சிக்கு வர்றப்ப சோத்து நேரம் வந்திருச்சு போல" என்பார் சித்தப்பா. அம்மா அவரை அடிக்கக் கை ஓங்குவாள்.

சித்தப்பா ஜீப்பு ஓட்டினார். ஏலக்காய் சீசனில் விடியுமுன்பே எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைத்தோட்டத்துக்குப் போய், காய் எடுத்து முடிந்ததும் பொழுது சாயத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அம்மாவும் அந்த ஜீப்பில்தான் போவாள். அப்பா கொத்தனார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைப் பெற்ற பிள்ளைபோல வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

மழைக்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது. ஓடையில் தண்ணீர் வந்தால், மழை இருட்டில் ஆத்தா கால் தெரியாமல் ஜீப்பு அக்கரையில் நின்று ஹாரன் அடிக்கும். புளியமரத்தடியில் நிற்கிற பிள்ளை ஓடையாத்தாவைப் பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். ஓடைத் தண்ணீரில் அவள் கால் நனையவில்லை என்றால் ஜீப்பு இறங்கும். ஜீப்பிலிருக்கும் பெண்கள் குலவை போட்டுக்கொண்டே தாண்டுவார்கள். நனைந்துவிட்டது என்றால் அங்கேயே நிற்கும். ஆத்தாவுக்கு உத்தரவில்லை என்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்டவர் கிடையாது. சாமி காரியத்தில் கேள்வி என்ன இருக்கிறது?

அந்த வருஷம் சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. கண்ணுக்குள்ளும் ஒன்று வந்துவிட்டது என்று பயந்துபோய், அப்பா ஓடையாத்தா முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறார். "எம் மகளுக்கு முத்து இறங்கட்டும். சேத்துலயும் சகதியிலயும் நிக்கிற ஒன்னய மேடை கட்டி உசத்தி வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாராம். முத்து இறங்கியது. கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே அப்பா மேடைக்குச் செங்கல் பார்க்கப் போய்விட்டார்.

ஆடி மாதம் அவளைப் பெயர்த்தார்கள். அது லேசில் நடக்கவில்லை. காலையில் கை வைத்தவர்கள் சாயங்காலம்வரை மல்லுக்கட்டினார்கள். அவளுடைய அடியை ஒரு பெரிய பாறையில் குழி வெட்டி இறக்கி, சுற்றிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இறுக்கியிருந்தது. அப்பா உளியும் கையுமாகக் குழியில் படுத்துக்கொண்டு, "எவனோ பெரிய வேலைக்காரன்யா. இம்புட்டுப் பள்ளத்துல வைக்க எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டான்?" என்று வியந்து வியந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் சங்கிலி கட்டி, சித்தப்பா ஜீப்பில் இழுத்த பிறகுதான் அசைந்தாள்.

அதே இடத்தில் முழ உயரத்துக்கு மேடை எழும்பியது. பச்சையும் வெள்ளையுமாக ஓடு பதித்தார்கள். நாலு மூலைக்கும் ரசமட்டம் வைத்து, மயிரிழை சாயாமல் பார்த்துப் பார்த்துக் கட்டினார் அப்பா. பெயின்டர் ஒருவர் வந்து அவளுக்குக் கண் திறந்து, மூக்கு எழுதி, உதட்டுக்குச் சிவப்பும் கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். "இப்பத்தான் ஆத்தா மகராசியா நிக்கிறா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் பொருட்டு ஒரு சாமி உயர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது.

அன்றைக்குப் போடியில் தூறல்தான். ஆனால் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. குரங்கணிப் பக்கம் மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே ஓடை செந்தண்ணியாகப் புரண்டுகொண்டிருந்தது. ஏலத்தட்டையும் மரக்கிளையும் மிதந்து வந்தன. பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பொழுது சாய்ந்து, ஜீப்பு வருகிற நேரம் ஆனதும் நான் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். அப்பாவும் வந்து நின்றார். தெரு ஆட்கள் நாலைந்து பேர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கரையில் விளக்கு வெளிச்சம் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டது. மழைக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல், தண்ணீர் இரைச்சலில் அறுந்து அறுந்து வந்தது.

"ஏத்தா! ஆத்தா கால் நனைஞ்சிருச்சா?"

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மேடையின் ஓடுகளை நக்கிக்கொண்டு ஓடியது. அவள் பாதத்தில் காலையில் யாரோ வைத்த செவ்வரளி அப்படியே இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் எட்டிப் பார்த்தார். தன் கையால் கட்டிய மேடையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"வரச் சொல்லுத்தா" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நனையலே சித்தப்பா! வாங்க!"

ஜீப்பு இறங்கியது. வழக்கம்போலக் குலவைச் சத்தம் எழுந்தது. அதில் அம்மாவின் குலவை எனக்குத் தனியாகத் தெரியும், கடைசியில் ஒரு சுழி வைப்பாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். நடு ஓடைக்கு வந்தபோது குலவை பாதியில் நின்றது.

விளக்கு இரண்டும் ஒருபக்கமாகத் திரும்பின. ஜீப்பின் முன்பாகத்தைத் தண்ணீர் தூக்கியது. இன்ஜின் இருமி அணைந்தது. அப்படியே பக்கவாட்டில் நழுவி நழுவி, பாலத்து விளிம்பில் மிச்சம் நின்ற ஒரு தடுப்புக்கல்லில் போய் முட்டி நின்றது. அந்தக் கல் விட்டால் அதற்கப்புறம் பள்ளம். பெண்கள் போட்ட கூச்சலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். இடுப்பளவு இறங்கியவர்களைத் தண்ணீர் திருப்பித் தள்ளியது.

அப்பா வீட்டைப் பார்த்து ஓடினார். அவர் எதற்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து ஓடுகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது தோளில் சாரம் கட்டுகிற கயிறு இருந்தது. ஒரு நுனியைப் புளியமரத்தில் கட்டி, மறுநுனியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டார்.

நான் ஓடிப்போய் ஓடையாத்தாவைக் கட்டிக்கொண்டேன். என் கைக்குள் இருந்த அவள் பாதத்தை வெள்ளம் எட்டவே இல்லை. "நீ சொன்னதத்தான ஆத்தா நான் கத்துனேன், நீ சொன்னதத்தான" என்று அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெயின்டர் எழுதிய கண்ணால் அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஜீப்பை எட்டிப் பிடித்து நிற்க, ஒவ்வொருத்தியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாசமே ஆன ஒருத்தி இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாதான் அவள் விரல்களைப் பிரித்து, திட்டி, முதலில் அனுப்பினாள். அம்மா இறங்கும்போது கால் சறுக்கியது. தலை உள்ளே போய்விட்டது. "எம் மொகத்தப் பாரு! தண்ணியப் பாக்காத, எம் மொகத்தப் பாரு!" என்று அப்பா அலறிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதுவரை அவர் அம்மாவிடம் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. முந்தானையைப் பிடித்தாரோ முடியைப் பிடித்தாரோ, இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டார். சித்தப்பா கடைசியாக வந்தார். அவர் கரையேறியதும் அந்தக் கல் பெயர்ந்தது. ஜீப்பு விளக்கு எரிந்தபடியே உருண்டு போனது.

உயிர் ஒன்றும் போகவில்லை. அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. ஒரு கால் மெட்டி தண்ணீரோடு போய்விட்டது.

அன்று தெரு முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "மேடை கட்டி உசத்துனவரு பொண்டாட்டிய ஆத்தா விட்டுருவாளா?" "ஒத்த மெட்டிய எடுத்துக்கிட்டு ஆளைத் திருப்பிக் குடுத்துட்டா பாருங்க." "அந்த ஒரு கல்ல நிக்க வச்சது யாருங்கிறீக? அவதான்." வருகிற வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்து, ஓடையாத்தா சந்நிதியில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டுவது என்று முடிவானது. அப்பா ஈரவேட்டியைக்கூட மாற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். கூச்சப்படுகிறார் என்று எல்லோரும் அதையும் பாராட்டினார்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. அப்பா ஓடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மேடையில் வெள்ளம் சேற்றுக்கோடு போட்டிருந்தது. மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே, ரசமட்டம் வைத்ததுபோல நேராக ஒரு கோடு. அப்பா முழங்கையைத் தரையில் ஊன்றி, கையை நிமிர்த்தி, விரல் நுனி அந்தக் கோட்டுக்கு மேலே போகிறதா என்று பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். பிறகு ஆத்தாவின் பாதத்தைப் பார்த்தார். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. புளியமரத்தடியில் பொங்கல் பானைகள் வரிசையாக நின்றன. கொட்டுக்காரரைக்கூட வரச்சொல்லியிருந்தார்கள். தெருவுக்குப் பெரியவர், அம்மாவுக்கு மாமா முறை, தாம்பாளத்தில் பட்டுத்துண்டை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா வந்தார். தோளில் கடப்பாரை இருந்தது.

பெரியவர் சிரித்தார். "என்ன மாப்ளே, பரிவட்டம் கட்ட வரச்சொன்னா வேலைக்குக் கிளம்புன மாதிரி வர்றீரு?"

"மேடைய எடுக்கணும் மாமா."

"எதுக்கு?"

"மட்டம் தப்பிப்போச்சு."

"ரசமட்டம் வச்சுத்தானய்யா கட்டுனீரு? எங்க தப்புச்சு, காட்டும் பாப்போம்."

அப்பாவுக்குப் பேச்சு வராது. செங்கல் அடுக்கத் தெரிந்த அளவுக்கு வார்த்தை அடுக்கத் தெரியாது. "மேடை மட்டம் சரிதான். ஆத்தா மட்டம்தான் தப்பிப்போச்சு" என்றார்.

"ஆத்தாளுக்கே மட்டம் பாக்குறாருடோய் கொத்தனாரு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அப்பா மேடைக்குப் பக்கத்தில் போய்க் கடப்பாரையை ஓங்கியதும் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்தார்கள்.

"பொண்டாட்டிய உசுரோட குடுத்தவளுக்கு இதான் கைமாறாய்யா?"

"தண்ணியில எறங்குனதுல காத்துக்கருப்பு அடிச்சிருச்சு போல. வேப்பிலை கொண்டாங்கடா வெரசா."

பெரியவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. "மாப்ளே, சொல்றதக் கேளும். அவ மேல கடப்பாரைய வச்சீருன்னா இந்தத் தெருவுல ஒமக்கு நல்லது கெட்டது கிடையாது. எங்க வீட்டுப் படிய நீரு மிதிக்க வேண்டாம், ஒம்ம வீட்டுப் படிய நாங்க மிதிக்க மாட்டோம்."

அப்பா கையை உதறிக்கொண்டார். மறுபடி ஓங்கினார். அப்போதுதான் நான் போய்க் கடப்பாரையின் அடியைப் பிடித்துத் தொங்கினேன்.

"வேணாம்ப்பா! இடிச்சா எனக்கு மறுபடி முத்து வந்துரும்ப்பா!"

தெருவே தடுத்தபோது தளராத கை அதில் தளர்ந்துவிட்டது. கடப்பாரை மண்ணில் இறங்கியது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஓடை பக்கம் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். வேண்டிக்கொண்டதும் அவர்தான், கட்டியதும் அவர்தான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மலைக்குப் போய்வரும் அத்தனை பெண்கள். அன்று அவர் நின்ற நிற்பு எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் விளங்கியது.

"விடுங்கய்யா அவர. நான் பேசுறேன்."

அம்மா குரல். தரையில் கால் ஊன்றக்கூடாது என்று கட்டுப்போட்டிருந்தார்கள். சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மாமா, தண்ணிக்குள்ள நின்னவ நானு. இங்க நின்னவுக பேசுனது போதும், நான் சொல்றதக் கேளுங்க. எம் மக நனையலன்னு கத்துனா. அவ பொய் சொல்லல. ஆத்தா காலு நனையல. ஆனா அங்க தண்ணி என் இடுப்புக்கு நின்னுச்சு. போன வருசம் அம்புட்டுத் தண்ணி வந்திருந்தா ஆத்தா முழங்காலே முங்கியிருக்கும். நாங்க அக்கரையிலேயே கெடந்திருப்போம்." அவள் ஒரு கையால் மேடையின் ஓடுகளைத் தடவினாள். "நாமதான் அவளத் தூக்கி வச்சோம். நல்ல மனசாத்தான் வச்சோம். அவ காலு நனையணும் மாமா. அவ காலு நனைஞ்சாத்தான் நமக்குத் தெரியும்."

 பொங்கல் ஒன்று பொங்கி வழிந்தது. குலவை போட யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மருமகளும் அந்த ஜீப்பில் வந்தவள்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அவள். "நீ சொல்ற, நான் கேக்குறேன். ஆனா நாம சொல்லி முடியுமா? அவகிட்டக் கேப்போம்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று ஆனது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் கட்டி ஆத்தா காலடியில் குலுக்கிப் போடுவார்கள். ஒரு சின்னப்பிள்ளை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அவளைக் கீழே இறக்கலாம், சிவப்பு வந்தால் மேடை அப்படியே இருக்க வேண்டும். எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அன்று நான் கும்பிட்டதுபோல என்றைக்கும் கும்பிட்டதில்லை. சிவப்பு வரட்டும் ஆத்தா, சிவப்பு வரட்டும் என்று கும்பிட்டேன். மேடை போனால் முத்து வரும். கண்ணுக்குள் வரும். அப்பா கண்ணை மூடி நின்றார். அம்மா என்னையே பார்த்தாள். என் கை ஒன்றைத் தொட்டு, விட்டு, மற்றதை எடுத்தது. நார் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். இலை விரிந்தது.

வெள்ளை நந்தியாவட்டை.

அவளே சொல்லிவிட்டாள். நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பெரியவர் தாம்பாளத்துப் பட்டுத்துண்டை எடுத்து ஆத்தா இடுப்பில் கட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்து, "எறக்குங்க மாப்ளே" என்றார். பரிவட்டம் கட்ட வந்தவர்கள்தான் ஓட்டைப் பெயர்த்தார்கள். முதல் ஓட்டை அம்மா தன் கையால் பெயர்த்தாள்.

அவளைப் பழைய பாறைக்குழியிலேயே இறக்கினார்கள். அப்பா ஈயம் காய்ச்சி, முன்பு ஊற்றியவன் ஊற்றியதுபோலவே சுற்றிலும் ஊற்றினார். முழுசாக ஒரு நாள் ஆனது.  நான் ராத்திரியெல்லாம் போர்வைக்குள் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முத்து வரவில்லை. ஆத்தா இன்னும் கோபத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கார்த்திகையில் மறுபடி வெள்ளம் வந்தது.

சித்தப்பா அப்போது வேறொருவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கரையில் விளக்கு, ஹாரன், அதே கேள்வி. நான் பார்த்தேன். பெயின்டர் எழுதிய முகம் பாதி உரிந்து, பழைய கீறல் கண் வெளியே வந்திருந்தது. தண்ணீர் அவள் பெருவிரலைத் தொட்டு, விலகி, மறுபடி தொட்டது. தொட்டது, அப்புறம் விலகவே இல்லை.

"நனைஞ்சிருச்சு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜீப்பின் இன்ஜின் அணைந்தது, விளக்கு மட்டும் எரிந்தது. அக்கரையிலிருந்து பெண்கள் முனகுவதும் ஏசுவதும் கேட்டது. "ஏ புள்ள, நல்லாப் பாருடி!" "அடியே, இந்தக் குளுருல எங்களக் காய வைக்கப்போறியா?" அம்மா இறங்கி வந்து, கரையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்குக் கை ஆட்டினாள். கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். ஆனாலும் அன்றைக்கு அவள் வரமாட்டாள். அன்றைக்குச் சோறு கிடையாது, தலை கோதிவிட ஆள் கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டையும் சூடமும் இருந்தன. மழையில் மூன்று குச்சி அணைந்து, நாலாவதில் பற்றியது. உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு ஓடையாத்தாவுக்குக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் வழிந்தது மழையா என்னவென்று தெரியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாதான் வரலையே, எதுக்குப்பா சூடம்?" என்றேன்.

"அதுக்குத்தான்த்தா" என்றார்.

அப்பாவுக்கு நிஜமாகவே காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆத்தா மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தண்ணீர் அவள் விரல்களைத் தாண்டி, மெட்டியைத் தாண்டி, தண்டையின் பரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நகம் நகமாக இத்தனை பாடுபட்டுச் செதுக்கிய பாதத்தை அந்தச் சிற்பி இப்படித் தண்ணீருக்குள் முக்குவதற்கா செதுக்கினான் என்று நினைத்துக்கொண்டு, அக்கரையில் பத்திரமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டே நின்றேன்.